லிவர்மோரில் இரண்டு டப்பா கஞ்சா

சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் ரப்பர் கையுறை போட்ட ஒருவர் என் சுண்டைக்காய் வற்றலைக் குப்பைத் தொட்டியில் கொட்டினார். மோரில் ஊறவைத்து, கரூர் வெயிலில் நானே மொட்டை மாடியில் காயவைத்த வற்றல். "இதற்குள் விதை இருக்கிறது. விதையை நாட்டுக்குள் விட முடியாது" என்றார். நான் பல வருடங்களாகப் பெண்கள் பள்ளியில் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவள். உப்பு மோரில் ஊறிக் காய்ந்த விதை முளைக்காது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "அடுத்தவர்" என்றார். அமெரிக்காவில் எனக்கு முதல் கோபம் அங்கே வந்தது. அது 1999, மே மாதம்.

வற்றல் என் தங்கை கோமதிக்காகக் கொண்டுவந்தது. அவளுக்குக் கர்ப்பப்பைக்குப் பக்கத்தில், சினைப்பையில் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மகள் நியூ ஜெர்சியில் கல்லூரியில் இருந்தாள். வீட்டில் கணவன் செல்வராஜ் மட்டும். போனில் கோமதி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அக்கா, எனக்கு ஏதாச்சும் திங்கணும் போல இருக்கற மாதிரி சமைச்சுத் தர்றியா?" சம்பளமில்லாத விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

செல்வராஜ் லிவர்மோரிலிருக்கும் வீட்டுக்குக் காரில் அழைத்துப் போனார். வழி முழுக்க மொட்டைக் குன்றுகள். பச்சை போய் வைக்கோல் நிறமாகிக் கிடந்தன. நாமக்கல் பக்கத்துக் கரடுகளை யாரோ துடைத்து வைத்த மாதிரி. "இந்த freeway-லதான் தினமும் போய்ட்டு வர்றேங்க்கா, ஒன்றரை மணி நேரம்" என்றார். கொஞ்ச தூரம் போனதும் குரலைத் தணித்துக்கொண்டு, "வீட்டுக்கு யாராச்சும் வந்தா அல்சர்னு சொல்லிடுங்க. எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன்" என்றார்.

"ஏன் மாப்ள? அவ என்ன திருடினாளா?"

"நாளைக்குப் பொண்ணுக்கு வரன் பாக்கணும்ங்க்கா. இங்க எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கதவைத் திறந்த கோமதியை எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. தலையில் துணி, புருவம் இல்லை, கழுத்தெலும்பு தனியாகத் தெரிந்தது. "பயந்துட்டியா அக்கா?" என்று சிரித்தாள். சிரிப்பு மட்டும் பழையபடி இருந்தது.

நான் வந்த வாரத்திலேயே ஒரு கீமோ. முதல் நாள் நன்றாகத்தான் இருந்தாள். நரம்பு வழியாக ஏற்றிய வாந்தி மருந்து அன்றைக்குத் தாங்கியது. மறுநாள் மாலை ஆரம்பித்தது. நான் பிள்ளைத்தாய்ச்சிகளின் வாந்தி பார்த்திருக்கிறேன், காலரா வந்த வீட்டில் வாந்தி பார்த்திருக்கிறேன். இது வேறு. வயிற்றில் ஒன்றுமே இல்லாதபோதும் உடம்பு எதையோ பிடுங்கி வெளியே எறியப் பார்த்தது. கடுகு தாளித்தால் வாந்தி. அரிசி வெந்தால் வாந்தி. கடைசியில் ஒரு மின் அடுப்பை எடுத்துக்கொண்டு போய் garage-இல் வைத்துச் சமைத்தேன். கார் நிற்கவேண்டிய இடத்தில் உட்கார்ந்து ரசம் கொதிக்கவைத்தேன். அதையும் அவள் குடிக்கவில்லை.

அந்த garage வாசலுக்குத்தான் டோரிஸ் வந்தார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டியம்மா என்று சொல்லலாம், ஆனால் அரைக்கால் சட்டையும் தொப்பியுமாகத் தானே புல் வெட்டுகிறவர். ரசத்தின் வாசனை பிடித்து வந்தாராம். ஒரு டம்ளர் கொடுத்தேன். இருமி இருமிக் குடித்துவிட்டு, உள்ளே கேட்ட சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். "என் கணவருக்கும் இதே சத்தம்தான். வயிற்றில் புற்றுநோய்" என்றார். அல்சர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அவரைச் சாப்பிட வைத்தது ஒன்றே ஒன்றுதான். கஞ்சா. இந்த மாநிலத்தில் இப்போது நோயாளிக்கு அனுமதி உண்டு. டாக்டரிடம் கேள்."

என் ஊரில் கஞ்சா என்றால் போலீஸ் வேன், இல்லையென்றால் பேருந்து நிலையத்துப் பின்பக்கம். பாடப் புத்தகத்தில் ஒரு வரி: நார் தருவது, போதை தருவது, ஆண் செடி தனி, பெண் செடி தனி. அந்த வரியை வருடா வருடம் தலை நிமிராமல் படித்துக் கடந்துபோவேன். பின் பெஞ்சுப் பெண்கள் சிரிப்பார்கள் என்று.

அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கப் போனோம். என் மகள் வயதிருக்கும் ஒரு அம்மாள். நல்லவர். முதலில் ஒரு மாத்திரை கொடுத்தார். அந்தச் செடியிலிருக்கும் முக்கியமான சரக்கைத் தொழிற்சாலையில் செய்து உருண்டையாக அடைத்தது. அதற்கு அரசாங்க அனுமதி உண்டு. கோமதி ஒன்றை வாந்தியோடு வெளியே தள்ளினாள். இன்னொன்று உள்ளே நின்றது. நின்றதும் மறுநாள் மத்தியானம் வரை எழுப்ப முடியாமல் கிடந்தாள். மறுபடியும் போனோம். இந்த முறை நானே கேட்டேன்.

டாக்டரம்மா எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "உங்களுக்கு அது பயன்படலாம் என்று நான் சொல்லலாம். இந்த மாநிலச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. வாஷிங்டன் சட்டம், அதாவது மத்திய அரசாங்கத்தின் சட்டம், தராது. அதனால் எங்கே வாங்குவது என்று சொல்லமாட்டேன்."

"எந்த வகை? எவ்வளவு?" என்று கேட்டேன்.

"தெரியாது."

"தெரியாது என்றால்?"

"யாருக்கும் தெரியாது. ஆராய்ச்சி செய்ய வேண்டுமானால் அரசாங்கத்திடம்தான் செடி வாங்க வேண்டும். அவர்கள் ஒரு பண்ணையில் வளர்த்துத் தருவார்கள். கடைகளில் இருக்கும் வகைகள் அங்கே இல்லை. கடையில் இருப்பதை ஆராய அனுமதி இல்லை."

நான் அதை இரண்டு முறை கேட்டுப் புரிந்துகொண்டேன். ராக்கெட் விடுகிற தேசம். என் சுண்டைக்காய்க்குள் விதை இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற தேசம். ஜனங்கள் விழுங்குகிற ஒரு செடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கூடாதென்று தானே தன் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அந்த அறையில் எனக்கு மறுபடியும் கோபம் வந்தது. டாக்டரம்மா மேல் இல்லை. அவரும் கட்டிப்போடப்பட்டவர்தான்.

அன்றைக்கு வீட்டில் சண்டை. செல்வராஜ் நின்றுகொண்டே கத்தினார்.

"கிரீன் கார்டு கடைசி stage-ல இருக்குங்க்கா! லாயர் என்ன சொன்னார் தெரியுமா? Drugs-னு ஒரு வார்த்தை வந்தாப் போதும், மொத்த file-உம் close. வீடு, வேலை, பொண்ணு படிப்பு எல்லாம் போச்சு. ஆறு வருஷமா wait பண்ணிட்டிருக்கோம்."

கோமதி சோபாவில் வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "கார்டு வர்றப்போ அதுல போட்டோ ஒட்டறதுக்கு நான் இருக்கணும்ல?" என்றாள்.

அவர் மாடிக்குப் போய்விட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். ஆனால் பயந்தவருக்குப் பரிதாபப்பட அன்றைக்கு எனக்கு நேரமில்லை. நான் டோரிஸ் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

டோரிஸின் கார் அவரைப் போலவே வயதானது. ஓக்லாந்தில் அவருக்குத் தெரிந்த கஞ்சாக் கடைக்கு அதில்தான் போனோம். கோமதி பின் இருக்கையில் படுத்துக்கொண்டு வந்தாள். நோயாளி நேரில் வரவேண்டுமாம். பெயர்ப்பலகை இல்லாத ஒரு கட்டடம். கதவில் நின்றவன் டாக்டர் அலுவலகத்துக்கு போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே விட்டான். உள்ளே சோபா, மீன் தொட்டி, சக்கர நாற்காலிகள். நம்மூர் நாட்டு மருந்துக் கடை மாதிரி அலமாரியில் கண்ணாடிப் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். ஊதா மேகம். எலுமிச்சை ராக்கெட். இன்னும் என்னென்னவோ. ஐஸ்கிரீம் கடையில் நிற்கிறோமா என்று சந்தேகம் வந்தது.

தாடிக்காரன் ஒருவன் ஊதா மேகத்தையும் எலுமிச்சை ராக்கெட்டையும் எடுத்துவைத்துப் பொறுமையாக விளக்கினான். "இது இண்டிகா. உடம்புக்கு. தூக்கம், வலி, வாந்தி. அது சட்டைவா. தலைக்கு. உற்சாகம், பசி."

இண்டிகா. எங்கள் நாட்டுப் பெயரை ஒட்டிவைத்து எனக்கே விற்கிறான். "இரண்டும் ஒரே செடி. ஒன்றில் இலை அகலம், ஒன்றில் ஒடுக்கம். இலை அகலமானால் வாந்தி நிற்கும் என்று யார் சோதித்தது?"

"வாங்கிப் போகிறவர்கள் சொல்கிறார்கள், மேடம்."

"எதை வாங்கினோம் என்று தெரிந்துகொண்டுதானே சொல்கிறார்கள்? தூக்கம் வரும் என்று நீ சொல்லிக் கொடுத்தால் வராமல் என்ன செய்யும்?"

அவன் தாடியைச் சொறிந்தான். நான் விடவில்லை. "இது ஒட்டுச் செடியா, விதைச் செடியா?" எங்கள் பக்கம் மாம்பழத்துக்கு ஒரு பெயர் இருந்தால் அது ஒட்டு மாமரம், ஒரே மரத்தின் கிளை ஊர் முழுக்கப் பரவியிருக்கும், அதனால் பெயருக்கு அர்த்தம் உண்டு. கொட்டை போட்டு முளைத்தது ஒவ்வொன்றும் ஒரு ருசி. அதற்கு நீங்கள் என்ன பெயர் வைத்தாலும் பொய்தான். இதைக் கையும் வாயுமாக அவனுக்குப் புரியவைத்தேன்.

"சிலது கிளை வெட்டி வைத்தது. சிலது விதை. கொண்டுவந்து கொடுப்பவர் என்ன பெயர் சொல்கிறாரோ அதை எழுதுகிறோம்" என்றான். உண்மையைச் சொன்னான் என்பதற்காக அவனை மன்னித்தேன். பாதி.

எனக்குப் பின்னால் வரிசையில் எலும்பும் தோலுமாக ஒரு இளைஞன் நின்றான். கன்னத்தில் ஊதா நிறத் திட்டுகள். எய்ட்ஸ் என்று தானே சொன்னான். "அம்மா, நீங்கள் கேட்பது சரி. ஆனால் இன்று காலை நான் இரண்டு முட்டை சாப்பிட்டேன். அதுவும் உண்மை. எந்தப் பெயர் என்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஒரே ஒரு வகை மட்டும் வேண்டாம். அதை இழுத்தால் சுவர்கள் என்னை நெருக்க வருகின்றன." எலுமிச்சை ராக்கெட்டைக் காட்டினான். தாடிக்காரன், "இவருக்கு அப்படி. வேறு நிறையப் பேருக்கு அதுதான் பிடிக்கிறது" என்றான்.

கோமதி சுவரில் சாய்ந்தபடி, "அக்கா, கிளாஸ் எடுத்தது போதும். ரெண்டையும் வாங்கு, போலாம்" என்றாள். இரண்டையும் வாங்கினோம்.

டோரிஸ் பசிக்கிறது என்று தெருமுனைக் கடையில் நிறுத்தினார். பெரிய சப்பாத்திக்குள் சோறும் பயறும் வைத்துத் தலையணை மாதிரி சுருட்டிக் கொடுத்தார்கள். கொஞ்சம் மிளகாய் இருந்ததால் எனக்குப் பிடித்தது. கோமதி ஜன்னலை ஏற்றிக்கொண்டு மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

திரும்பும் வழியில், மலை ஏற்றத்தில் காரிலிருந்து புகை. ஓரங்கட்டி நிறுத்தினோம். லாரிகள் உரசுகிற மாதிரி போய்க்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் பின்னால் ஒரு போலீஸ் கார் வந்து நின்றது. பை என் காலடியில். எனக்கு வந்து போகும் விசா. கோமதிக்கு வராத கிரீன் கார்டு. ஆறடிக்கு மேல் உயரமான ஒரு போலீஸ்காரர் குனிந்து உள்ளே பார்த்தார். கோமதியின் மொட்டைத் தலையைப் பார்த்தார். மூச்சை ஒருமுறை இழுத்தார். வாசனை அவருக்குத் தெரிந்துவிட்டது, அது எனக்கும் தெரிந்தது. அவர் போய்த் தன் காரிலிருந்து தண்ணீர் கேன் எடுத்து வந்து டோரிஸின் ரேடியேட்டரில் ஊற்றினார். "மெதுவாகப் போங்கள். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்" என்றார். போய்விட்டார்.

டோரிஸ் ஜன்னல்களை இறக்கினார். "இன்னொரு ஆளாயிருந்தால் பிடுங்கிக் கொட்டியிருப்பான். என் கணவரிடம் ஒருத்தன் பிடுங்கினான்" என்றார். நல்ல போலீஸ் வந்தால் மருந்து, கெட்ட போலீஸ் வந்தால் குற்றம். இதற்குப் பெயர் சட்டமாம்.

அடுத்த கீமோ வந்தது. இரண்டாம் நாள் வாந்தி ஆரம்பித்ததும் பின்பக்கத் தோட்டத்தில் நாற்காலி போட்டேன். செல்வராஜ் ஆபீசில் இருந்தார். டோரிஸ் சின்னக் குழாய் ஒன்று கொடுத்திருந்தார். ஆயுளில் பீடி நெருப்பைக்கூடப் பக்கத்தில் பார்த்திராத என் தங்கை, கண்ணில் தண்ணீர் வர இருமினாள். "இதுக்கு வாந்தியே தேவலாம் போல" என்றாள். நான் ஊதா மேகத்தைத்தான் அடைத்திருந்தேன். மூன்றாவது இழுப்பு முடிந்து நான் தண்ணீர் எடுக்கப் போய்த் திரும்பினேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு வேலியோரத்துச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தயிர் இருக்கா?"

தயிர் சாதம். மாவடு. ஒரு கிண்ணம் முழுக்க. சாப்பிடச் சாப்பிட அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சந்தோஷம்தான். ஆனால் அதை விடக் கோபம். ஜனவரியிலிருந்து இவளை ஏன் பட்டினி போட்டார்கள்?

மறுநாள் எலுமிச்சை ராக்கெட். வாந்தி நின்றது. கூடவே இதயம் பறை மாதிரி அடித்தது. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "யாரோ கதவைத் தட்டறாங்க அக்கா, போலீஸ் வந்திருக்கு" என்றாள். யாரும் வரவில்லை. தணியும் வரை அழுதாள்.

அப்படியானால் தாடிக்காரன் சொன்னது சரியா? நான் ஒத்துக்கொள்ளத் தயாராயில்லை. ஓக்லாந்தில் அந்தப் பையன் சொன்னதை அவளும் கேட்டிருந்தாள். மனசு எதிர்பார்த்தது நடந்திருக்கலாம். அல்லது இரண்டாவது சரக்கு வெறுமனே வீரியம் கூடியதாக இருந்திருக்கலாம். கஷாயம் கெட்டியானால் கசப்பு கூடுகிற மாதிரி. வகையா, அளவா, மனசா என்று எப்படிப் பிரிப்பது? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வழிதான். அடுத்த கீமோவுக்கு இரண்டையும் பொடித்து ஒரே மாதிரி இரண்டு கேமரா ஃபிலிம் டப்பாவில் போட்டேன். எதில் எது என்று எனக்கு மட்டும் தெரியும்.

"வாசனையிலயே கண்டுபிடிச்சிருவேன்" என்றாள் கோமதி. உண்மைதான், ஒன்றில் எலுமிச்சை மணம், மற்றது பூனை போன மூலை. மூக்குக்குக் கீழே விக்ஸ் தடவிவிட்டேன். கண்ணை மூடச் சொன்னேன். "புருஷன் பயோடேட்டா பாக்காம கல்யாணம் பண்ற மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். அளவையும் சரிபாதியாகக் குறைத்துக் கொடுத்தேன். நாளுக்கு ஒன்று, மாற்றி மாற்றி.

வாந்தி இரண்டிலும் ஒரே மாதிரி நின்றது. பசி இரண்டிலும் வந்தது. தாடிக்காரனின் வாந்திக்கு இது, பசிக்கு அது என்ற பாடம் அங்கே செத்தது. ஆனால் படபடப்பு மட்டும் எலுமிச்சை ராக்கெட் கொடுத்த நாட்களில்தான் வந்தது. அளவைக் குறைத்தும் வந்தது. எதைக் கொடுத்தேன் என்று தெரியாமலே, "இன்னைக்குக் கெட்டதைக் குடுத்திருக்க" என்று சரியாகச் சொன்னாள். அவளுக்குத் தெரியாது; எனக்குத் தெரியும், என் முகம் காட்டிக் கொடுத்ததோ என்னவோ. ஆனாலும் அந்தச் செடிகளுக்குள் ஏதோ ஒரு வித்தியாசம் இருக்கத்தான் செய்தது. என்னிடம் இருந்தது விக்ஸ் மட்டும். இந்த நாட்டில் அதை அளந்து பார்க்கிற கருவி இல்லாத பல்கலைக்கழகம் உண்டா?

அந்த மாதம் கோமதி கொஞ்சம் தேறினாள். லிவர்மோர் கோவிலுக்குப் போனோம். புளியோதரை சாப்பிட்டாள். பட்டுப் புடவை ஆன்ட்டி ஒருவர், "அல்சர் எப்படி இருக்கும்மா? காரத்தைக் குறை" என்றார். கோமதி தலையாட்டினாள்.

நான் வந்தபின் நான்காவது கீமோ அன்றைக்கு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பார்த்தால், சமையலறை மேல் தட்டில் வைத்திருந்த இரண்டு ஃபிலிம் டப்பாவும் சிங்க்கில் காலியாகக் கிடந்தன. செல்வராஜ் கைகட்டி நின்றார்.

"டாய்லெட்ல போட்டு flush பண்ணிட்டேன். நாளைக்கு மறுநாள் லாயர் ஆபீஸ். என்னால நிம்மதியாத் தூங்க முடியலைங்க்கா."

நான் என்னென்ன பேசினேன் என்று இங்கே எழுத முடியாது. எங்கள் ஊர்ச் சந்தையில்கூட அப்படிப் பேசமாட்டார்கள். கோமதிதான், "விடு அக்கா" என்றாள்.

மறுநாள் மாலை ஆரம்பித்தது. நான் வேண்டுமென்றே வாளியை அவர் கையில் கொடுத்தேன். "இன்னைக்கு நீங்க பிடிங்க மாப்ள." அதுவரை அவர் அதைப் பக்கத்தில் நின்று பார்த்ததே இல்லை, கீமோ வாரங்களில் ஆபீசில்தான் அதிக நேரம் இருப்பார். அன்றைக்குப் பிடித்தார். அவள் முதுகைத் தடவினார். பித்தம் வந்தது, பிறகு ரத்தக் கோடு. அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கார் சாவியை எடுத்தார்.

"எங்க போறீங்க?"

"ஓக்லாந்து. டோரிஸையும் இவளையும் கூட்டிட்டுப் போறேன். எந்தப் பேருன்னு சொல்லுங்க."

டோரிஸையும் கோமதியையும் காரில் ஏற்றிக்கொண்டு அவரே ஓட்டிப் போனார். அந்தக் கூட்டத்தின் நடுவே, டையைக் கூடக் கழற்றாமல் நின்றாராம். வேலையிடத்து அட்டை கழுத்தில் தொங்கியதாம். திரும்பி வந்து ஒரு பொட்டலத்தை மேசையில் வைத்தார். "ஊதா மேகம். அதேதான்னு சொன்னாங்க."

அதே பெயர். பிரித்துப் பார்த்தேன். நிறம் வேறு, மொக்கு வேறு, வாசனை வேறு. ஆனால் அவள் துடித்துக்கொண்டிருந்தாள், கொடுத்தேன். வாந்தி நின்றது. கொஞ்ச நேரத்தில் அவள் கை என் கையை இறுக்கியது. மார்பு படபடவென்று அடித்தது. "கதவு அக்கா, கதவு" என்றாள். இந்த முறை கெட்டதென்று அவள் எதிர்பார்க்கவில்லை. நல்லதென்று நம்பித்தான் இழுத்தாள்.

செல்வராஜ் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்து, "யாரும் இல்லம்மா, நான்தான் கதவுகிட்ட இருக்கேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "அதே பேர்தானே கேட்டு வாங்கினேன். நான் என்ன தப்பு பண்ணினேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணலை மாப்ள" என்றேன். முதல் முறையாக அவர்மேல் இருந்த கோபம் இடம் மாறியது.

மீதி இரண்டு கீமோவையும் அப்படித்தான் கடந்தோம். கொஞ்சமாகக் கொடுத்து, காத்திருந்து, படபடப்பு வந்தால் நிறுத்தி. ஒவ்வொரு பொட்டலமும் புதுசு. என் தங்கையின் உடம்புதான் ஆய்வுக்கூடம். கடைசி ஸ்கேனில் கட்டி எதுவும் தெரியவில்லை என்றார்கள். செல்வராஜ் காரில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

ஊருக்குக் கிளம்பும் முன் டாக்டரம்மாவைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். ஃபிலிம் டப்பா, விக்ஸ், குறைத்த அளவு, ஒரே பெயரில் வந்த இரண்டு சரக்கு. வாந்திக்கு எல்லாம் ஒன்றுபோல் வேலை செய்தது, பயம் மட்டும் சரக்குக்குச் சரக்கு மாறியது, பெயரை நம்ப முடியாது. ஒரு ஆளிடம் பார்த்தது எதையும் நிரூபிக்காது என்று எனக்கும் தெரியும் என்றேன். அவர் பேனாவைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் மூடி வைத்தார்.

"இதை நான் எழுத முடியாது. உங்கள் தங்கையின் கோப்பில் இது இருந்தால், நாளைக்கு யாராவது அவருக்கு எதிராக எடுப்பார்கள்."

"அப்படியானால் அடுத்த நோயாளிக்கு இது எப்படித் தெரியும்?"

அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். அந்தக் கையை உதறிவிடாமல் இருக்க எனக்கு நிறையப் பொறுமை வேண்டியிருந்தது.

கோமதி மருந்துச் சீட்டு வாங்கும்வரை நான் கீமோ அறையின் வெளிக்கூடத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு மெக்சிகோக்காரப் பெண்மணி. மடியில் வாளி. பக்கத்து நாற்காலியில் சாய்ந்திருந்த கணவருக்கு உதடு வெடித்திருந்தது. என் தங்கையை முன்பே பார்த்திருப்பாள் போல. தணிந்த குரலில், உடைந்த ஆங்கிலத்தில் கேட்டாள்: "உங்கள் தங்கை சாப்பிடுகிறாள். என்ன கொடுத்தீர்கள்?"

மேசைக்குப் பின்னால் நின்ற நர்ஸ் எங்களைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பிறகு என் நாற்காலியை அந்தப் பெண்மணியின் பக்கம் இழுத்துப் போட்டு, எனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் ஒன்றுவிடாமல் சொல்லத் தொடங்கினேன். நர்ஸ் நடந்து வந்தாள். கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சிக்கு முன்னால் நின்று, சத்தத்தை நன்றாகக் கூட்டிவைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.